கிளட்ச் எரிந்த மேடு

“ஓடினது கம்மி. ஆனா கிளட்ச் பிளேட் மட்டும் மூணு தடவை மாத்தியிருக்கு. உள்ளே பெருசா ஏதோ கோளாறு இருக்குது. அந்தம்மா மறைக்குது.”

இதைத்தானே தம்பி, கேட்டுக்கு வெளியே நின்று புரோக்கரிடம் சொன்னீர்கள்? ஒரு வார்த்தை மாற்றியிருக்கிறேனா? இல்லை அல்லவா? எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ‘மறைக்குது.’ மாடு புல் தின்னுது என்கிற மாதிரி. உங்கள் காரமடைப் பக்கம் மரியாதையே அப்படித்தான் என்று புரோக்கர் சமாதானம் சொல்கிறார். சரி, விடுங்கள். மரியாதையைப் பற்றிப் பேச நான் கேட்டைத் திறக்கவில்லை. என்னை இந்தத் தெருவில் வாயாடி என்று சொல்வார்கள். ராங்கிக்காரி என்று சொல்வார்கள். பொய்க்காரி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் உள்ளே வரச் சொன்னேன். புரோக்கர் வெளியிலேயே நிற்கட்டும். நீங்கள் வண்டியில் ஏறுங்கள்.

ஏறுங்கள் என்றால் ஏறுங்கள், தம்பி. செருப்போடு ஏறலாம், அது கோயில் இல்லை, பிக்கப் வண்டி. ஸ்டார்ட் பண்ணுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது டாப் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். விட்டீர்களா? பார்த்தீர்களா, இன்ஜின் உடனே செத்துவிட்டது. அப்படித்தான் சாக வேண்டும். பிளேட் வழுக்கினால் இன்ஜின் பாட்டுக்குக் கத்திக்கொண்டு இருக்கும், சாகாது. கிளட்ச் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் விடுங்கள். ஏதாவது முனகல் கேட்கிறதா? கிளட்சை மிதியுங்கள். ஏதாவது மாறுகிறதா? மாறவில்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸ் பேரிங்கும் சரி. ஃபர்ஸ்டில் போட்டு எடுத்து, உடனே ரிவர்ஸில் போடுங்கள். ‘டொக்’கென்று அடிக்கிறதா? அடித்தால் அடியில் ஓடுகிற ஷாஃப்டை இணைக்கிற கிராஸ் தேய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அடிக்கவில்லை. பின் அச்சில் இருக்கிற கிரவுன் பினியன் பல் தேய்ந்திருந்தால் காலை அழுத்தும்போது கிரைண்டரில் காய்ந்த உளுந்து அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், காலை எடுத்ததும் நின்றுவிடும். அதை ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க முடியும். ஓட்டிப் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வீட்டுக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றா? என் வீட்டுக்காரர் வாயைத் திறந்திருந்தால் எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே வந்திருக்காது. இன்னாசிமுத்து என்று பெயர். அதோ, வராந்தா சுவரில் படம் தெரிகிறதே, அவர்தான். சிரிக்காமல் இருக்கிறார் பாருங்கள், அது போட்டோவுக்காக இல்லை, வீட்டிலும் அப்படித்தான். கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். கல்யாணம் ஆன நாளில் இருந்து அதுதான். முதலில் அடுத்தவர் வண்டி, கடைசியாக இது, சொந்தம். ‘வண்டிக்கு என்ன?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்பார். ‘ஒண்ணுமில்லைன்னா ஏன் ஒர்க்‌ஷாப்ல நிக்குது?’ என்றால் ‘சின்ன வேலை’ என்பார். நான் கான்வென்ட்டில் படித்தவள் தம்பி. கேள்வி கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் வேண்டும். அது எங்கள் சிஸ்டர் போட்ட பழக்கம். அவரிடம் கிடைக்கவில்லை. அதனால் நானே ஹபீப் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாய்க்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆனால் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சொன்னால்தான் நான் எழுந்து போவேன் என்று அவருக்குத் தெரியும்.

முதல் பிளேட் எரிந்தபோது, “லோடு அதிகம்மா, மேட்டுல திணறியிருக்கும்” என்றார் பாய்.

“மேட்டுக்குப் போறப்போ வண்டி காலி. லோடு இறக்கத்துலதான் வரும். இறங்கற வண்டிக்கு எதுக்குத் திணறல்?”

“அப்படின்னா பிளேட்டே மட்டமான சரக்கா இருக்கும்.”

நல்ல பிளேட்டாகப் போடச் சொன்னேன். அதுவும் எரிந்தது. கழற்றியதை என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒட்டியிருக்க வேண்டியது எல்லாம் தேய்ந்து, ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. அதை அழுத்துகிற இரும்புத் தட்டு நீலம் பாரித்திருந்தது. சூடு பட்டுச் சட்டியின் அடி நீலமாகுமே, அந்த நீலம். கருகின நாற்றம் என் புடவையில் ஏறி, துவைத்தும் போகவில்லை.

அப்போதுதான் பாய் சொன்னார், “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டறவர் கால்ல இருக்கு. அண்ணன் கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டறார். வயசாகுதில்ல.”

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், கையைத் துணியில் துடைத்தபடி. இந்த மலையில் பனி மூடி எதிரே கை நீட்டினால் தெரியாத நாளிலும் மண்டிக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ‘இன்னாசி வண்டியில் முட்டையை அடுக்கி அனுப்பலாம்’ என்று ஸ்டாண்டில் பேச்சு. அவரைப் போய், கிளட்ச்சில் கால் வைக்கத் தெரியவில்லை என்கிறார் பாய். நான் என்ன நினைத்தேன், இப்போது பாயை ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். “இருக்கலாம் பாய். வயசாகுது” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் கோபக்காரி இல்லை, தம்பி. அநியாயம் பொறுக்காது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “எல்.கே.ஜி. பையன் மாதிரி பெடல் மேல காலை வெச்சுட்டுப் போவீங்களா? ஸ்டாண்டுல என்னன்னு பேசறாங்க தெரியுமா? ‘கிளட்ச் இன்னாசி’ன்னு பேர் வெச்சிருக்காங்க.”

“வெச்சா வெச்சுக்கட்டும்.”

“உங்களுக்கு ரோஷமே கிடையாதா?”

“சோறு போடு, பிலோ.”

பிலோமினா என் பெயர். அவர் ஒருத்தர்தான் பிலோ என்பார். சோறு போட்டேன். சாப்பிட்டு எழும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அட, இதுதானா சங்கதி என்று எனக்குப் பட்டது. முட்டி வலி, அதனால் காலைத் தூக்க முடியாமல் பெடல் மேலேயே வைக்கிறார். குன்னூர் எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் தேய்மானம் பெரிதாக ஒன்றும் இல்லை, தசை இறுகிக் கிடக்கிறது, காலை மடக்காமலும் நீட்டாமலும் நடுவில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகும் என்றார். பார்த்தீர்களா, டாக்டரே சொல்லிவிட்டார். சாயங்காலமானால் நீலகிரித் தைலத்தைச் சுட வைத்து நானே தேய்த்துவிட்டேன். முனகுவார். ‘பச்சைப் பிள்ளை மாதிரி முனகாதீங்க’ என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். மனைவி என்று ஒருத்தி இதைவிட என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் எனக்கே சந்தேகம். ஒரு நாள் மேட்டுப்பாளையம் வரைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். ரோட்டையே பார்க்கவில்லை. கொண்டை ஊசி வளைவு எல்லாம் எனக்குத் தெரியாது, அவர் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கியர் மாற்றும்போது மட்டும் பெடலுக்குப் போகும், உடனே தரைக்கு வந்துவிடும். தரையில், பெடலுக்கு அந்தப் பக்கம், பூனை படுத்த மாதிரி கிடந்தது அந்தக் கால். போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. பாய் சொன்னது தப்பு. முட்டியும் இல்லை, பழக்கமும் இல்லை. அப்புறம் எப்படி எரிகிறது? கேட்டேன். “நீ உக்காந்திருந்தா எரியாது” என்றார். தமாஷ் என்று நினைத்தேன். அந்த மனுஷனுக்குத் தமாஷ் வராது என்பதை நான் யோசிக்கவில்லை.

இருங்கள், கதவை மூடாதீர்கள். இன்னும் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். ஜெசிந்தா. பி.காம். முடித்தாள், டைப்பிங் லோயர், ஹையர் இரண்டும். லோடு எடுக்கிற தோட்டமெல்லாம் பேரிக்காய் மேட்டுக்கு மேலே இருக்கிறது. அந்த மேட்டில் கேரட் கழுவுகிற மெஷின் ஒன்று உண்டு. அங்கே வேலை செய்கிற குணாளன் என்பவனைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டு, அந்த மேட்டிலேயே, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தகர வீட்டில் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஜாதி கிடையாது, மதம் கிடையாது. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு யார் பலகாரம் கொடுத்தாலும் தின்போம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நம்ம வண்டிக்கு மூட்டை தூக்கினவன் நம்ம வீட்டு நாற்காலியில் எப்படி உட்காருவான்? இதில் என்ன தப்பு? அவள் எழுந்து போனாள். போனவள் போனவள்தான். முதல் பிளேட் எரிவதற்கு முந்தின சங்கதி இது.

இவருக்கு உள்ளுக்குள் அழுகை. எனக்குத் தெரியாதா? நான் அன்றைக்கே அவரை மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

“அந்த வழியாத்தானே லோடுக்குப் போகணும், பிலோ. வேற ரோடு இல்லையே.”

“போங்க. போக வேண்டாம்னு சொன்னேனா? ஆனா அவ வாசல்ல இறங்கக் கூடாது. உங்க கால் அந்த மண்ணுல படக் கூடாது. பிரேக்கைத் தொடக் கூடாது.”

“பிரேக்கையா?”

“பிரேக்லதான் எல்லாம் ஆரம்பிக்கும். முதல்ல பிரேக். அப்புறம் ஒரு வாய் காப்பி. அப்புறம் மருமகன் பக்கத்துல உக்காந்து இலை போட்டுச் சாப்பிடுவீங்க. கால் பிரேக்கும் கூடாது, கை பிரேக்கும் கூடாது. மாதா மேல கை வெச்சு சொல்லுங்க.”

அவர் வைத்தார். “அவ வாசல்ல இறங்க மாட்டேன். பிரேக்கைத் தொட மாட்டேன்” என்றார். முழு வாக்கியம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்ன முழு வாக்கியங்களில் அது ஒன்று. சொன்ன வார்த்தையை மீறுகிற ஆள் இல்லை. மீறவும் இல்லை. அதை இப்போதும் நான் யாரிடமும் சொல்வேன், அவர் மீறவே இல்லை.

மூன்றாவது பிளேட்டும் எரிந்து, இப்போது நீங்கள் மிதித்தீர்களே, இந்தப் பிளேட்டைப் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். தண்ணீர் கேட்டாராம். கொண்டு வருவதற்குள் போய்விட்டார். நான் இங்கே சட்டியில் தைலத்தைச் சுட வைத்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக் கூடாது. பெட்டியை இந்த வண்டியில்தான் வைத்துக் கல்லறைக்குக் கொண்டு போனோம். ஸ்டாண்டு ஆட்கள் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவிப் பூ கட்டி, ‘அண்ணன் அவர் வண்டியிலதான் போகணும்’ என்றார்கள். உங்களுக்கு அது ஆகாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மழை. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் சொல்கிறார், நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். வந்திருந்தாள். தோளில் துண்டு போர்த்தி, அதற்குள்ளே எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். குழந்தை என்று தெரிந்தது. காதில் விழுந்திருந்தது, குழந்தை பிறந்திருக்கிறது என்று. முகம் தெரியவில்லை, மழைக்கு மூடியிருந்தாள். பெட்டிக்குக் கிட்டே வருவாள் என்று பார்க்கிறேன். வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற இந்த வண்டிக்குப் போனாள். டிரைவர் பக்கம். இதோ, நீங்கள் கையை ஊன்றியிருக்கிறீர்களே, இந்த ஜன்னல். இதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் தங்கச்சி, “கூப்பிடட்டுமாக்கா?” என்றாள்.

“அப்பா இங்க இருக்கார். அவ வண்டிக்குத் துக்கம் கேட்டுட்டு நிக்கறா. அவளுக்கு வழி தெரியாதா? தானா வரட்டும்” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் குரல் அப்படி. அவள் திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். பெற்ற மகள் அம்மா கையைப் பிடிக்காமல் போய்விட்டாள். இதை யாரிடம் சொல்வது?

சரி, வண்டிக்கு வருவோம். அவருக்குப் பிறகு ஸ்டாண்டில் ராபர்ட் என்ற பையனைப் போட்டு ஓட்டினேன். அதே ரோடு, அதே தோட்டம், அதே மேடு. அவன் அவரைவிட முரடன், வண்டியை விரட்டுகிறவன். நான் பிளேட் எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எரியவில்லை. வழுக்கவில்லை. நாற்றமே இல்லை. இப்போது அவன் திருப்பூருக்குப் போய்விட்டான், இன்னொரு டிரைவரைப் பிடித்து மேய்க்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் விற்கிறேன். கோளாறு இருப்பதால் விற்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. வண்டியில் கோளாறு இல்லை. லோடு இல்லை. கால் தரையில் இருந்தது, நானே பார்த்தேன். அப்புறம் எது எரித்தது? பாத்திரம் துலக்கும்போது யோசிப்பேன், பூசையில் முழந்தாளிட்டு யோசிப்பேன். ஓடுகிற வண்டியில் கிளட்ச் எரியவில்லை. அப்படியென்றால் ஓடாத வண்டியில் எரிந்திருக்கிறது. ஓடாத வண்டியில் எப்படி எரியும்? சக்கரம் நிற்க வேண்டும், இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டில், பிரேக் போடாமல், கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு, பின்னாலும் உருளாமல் முன்னாலும் போகாமல் தாங்கிப் பிடித்தால் எரியும். அதை எந்த டிரைவர் செய்வான்? கற்றுக்கொள்கிற பையன்கூட ஒரு நிமிடத்துக்கு மேல் செய்ய மாட்டான். பிரேக்கைப் போட்டால் முடிந்தது, ஏன் பிரேக்கைப் போடாமல்…

அங்கேயே என் யோசனை நின்றுவிட்டது, தம்பி. கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே தெய்வானை வந்தாள். பேரிக்காய் மேட்டில் பீன்ஸ் போடுகிறவள். ராபர்ட் போய்விட்டானே, இனி எங்கள் லோடை யார் எடுப்பார்கள் என்று கேட்க வந்தாள். கேட்டுவிட்டு, போகிற போக்கில் சொல்கிறாள், “அய்யா வண்டிச் சத்தம் இல்லாம காலையில மேடே வெறிச்சுன்னு இருக்குதுங்கம்மா.”

“என்ன சத்தம்?”

“அதானுங்க, உங்க பாப்பா ஊட்டு முன்னால உறுமிக்கிட்டு நிக்குமே. முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாது. ஒரே கருகல் நாத்தம், நாங்க ஜன்னலைச் சாத்திக்குவோம். ‘பிரேக்கைப் போட்டுட்டு எறங்கி வாங்கய்யா, எங்க ஊட்டுலயாச்சும் ஒரு டீத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க’ன்னு எங்க ஊட்டுக்காரரு எத்தனையோ வாட்டி கூப்பிட்டிருக்காருங்க. ‘வீட்ல வாக்குக் குடுத்திருக்கேம்ப்பா’ன்னு சிரிப்பாரு.”

“சிரிப்பாரா?”

“நல்லாச் சிரிப்பாருங்களே.”

சிரிப்பாராம். தெய்வானை வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது அவர் பல் வரிசை.

நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. ஜெசிந்தா டம்ளரில் காப்பி கொண்டு வந்து ஜன்னலில் நீட்டுவாளாம். ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் காப்பி. அந்தக் குணாளன் பின் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைக்கப் போனானாம், காலுக்காவது ஓய்வு கிடைக்கட்டும் என்று. ‘கல்லு வேண்டாம் மாப்பிள்ளை, அதுவும் பிரேக்தான்’ என்று எடுக்கச் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை என்றாராம். குழந்தை பிறந்த பிறகு அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பாளாம். வாங்கி மடியில் வைத்துக்கொள்ள முடியாதே, வண்டி பின்னால் உருண்டுவிடுமே. அதனால் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழந்தையின் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பாராம். இடது கால் நடுங்க ஆரம்பிக்கும் வரைக்கும். நடுங்க ஆரம்பித்ததும், ‘சரிடா, மேல போறேன்’ என்று கிளட்சை விட்டுவிட்டுப் போவாராம். இறங்கி வரும்போது இறக்கம், பிரேக் இல்லாமல் நிற்க முடியாது. அதனால் வெறும் ஹாரன் மட்டுமாம்.

அந்தக் காலைத்தான் நான் சாயங்காலம் ஆனால் தைலம் போட்டுத் தேய்த்து, மறுநாளைக்குத் தயார் பண்ணி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தெய்வானையிடம் நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அம்மம்மா ஆனவள் பீன்ஸ்காரியிடம் அதைக் கேட்பதா? அவளும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ‘குழந்தை, குழந்தை’ என்றே சொல்லிவிட்டுப் போனாள். பெயரும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தார்களா என்றும் தெரியவில்லை.

எனக்கு அவர் மேல்தான் கோபம், தம்பி. சொல்லியிருக்கலாம் இல்லையா? ‘பிலோ, நான் இப்படி நிற்கிறேன், என் கால் போகிறது, கொஞ்சம் விட்டுக்கொடு’ என்று ஒரு வார்த்தை. நான் என்ன புலியா, கடித்துவிடுவேனா? கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். உடனே சரி என்று சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். கத்தியிருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் யோசித்திருப்பேன். ஊரெல்லாம் கிளட்ச் இன்னாசி என்று சொல்ல விட்டு, பாய் சொன்னதற்குத் தலையை ஆட்டி, டாக்டருக்குக் காலை நீட்டி, பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லாமல் போவதா? இது என்ன நியாயம்? அவளும்தான். அப்பாவுக்கு ஜன்னலில் காப்பி நீட்டத் தெரிந்தவளுக்கு, அம்மாவுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒன்று. இந்த வீட்டில் என்னிடம் மட்டும் யாரும் எதையும் சொல்வதில்லை. ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

போகட்டும். உங்களுக்குப் பதில் கிடைத்ததா? வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. கிளட்ச் மூன்று தடவை எரிந்தது நிஜம், காரணம் இதுதான். இனி எரியாது. எரிக்கிறவர் இல்லை. புரோக்கரிடம் போய் இதை முழுவதும் சொல்ல வேண்டாம், ‘அந்தம்மா மறைக்கலை’ என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் ஓட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதெல்லாம் பரிசோதனை ஆகாது. கிளட்சைப் பார்க்க மேடு வேண்டும். இங்கே இருக்கிற மேட்டிலேயே நல்ல மேடு பேரிக்காய் மேடுதான். டவுனைத் தாண்டி, தேயிலை பேக்டரிக்கு அடுத்த வளைவில் இடது பக்கம் ஏற வேண்டும். பஸ் போகாது. ஜீப் பிடித்துப் போகலாம், ஆனால் ஜீப்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும், ‘பிலோக்கா எங்கே கிளம்பிட்டாங்க?’ என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். எனக்கு அங்கே போக எந்த அவசியமும் இல்லை. வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்க விற்கிறவளும் கூட வருவது வழக்கம்தானே? வழக்கம்தான். மேலே போனால் நீலத் தகரம் போட்ட வீடு ஒன்று வரும், பக்கத்தில் கேரட் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். தெய்வானை சொல்லித்தான் அடையாளம் தெரியும், நான் பார்த்ததில்லை. அங்கே ஏற்றம் ரொம்பச் செங்குத்து. நிறுத்தி எடுத்துப் பார்க்கலாம். நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, தாராளமாக பிரேக் போடலாம், இறங்கலாம், டயரைத் தட்டிப் பார்க்கலாம். அவசரமே இல்லை. நான் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

புடவை மாற்ற வேண்டாம், இதுவே போதும். இது நன்றாகத்தானே இருக்கிறது? தலையை மட்டும் ஒரு வாரு வாரிக்கொண்டு வந்துவிடுகிறேன். புரோக்கர் வேண்டாம், அவருக்கு இடம் போதாது.

என்ன தம்பி, சாவியையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்? இப்போது கிளம்பினால் வெளிச்சத்தோடு திரும்பிவிடலாம். வண்டி பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, எடுக்க வேண்டாம். எடுக்காமலே போங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். அந்த மேடு வரைக்கும் மட்டும் என்னை ஏற்றிக்கொண்டு போகிறீர்களா?

தம்பி, உங்களைத்தான் கேட்கிறேன். கூட்டிக்கொண்டு போகிறீர்களா?